கிளாஸ் கமிட்டியில் பாடம் நடத்துவதைப் பற்றி மாணவர் பேசலாமா?

மூன்றாம்பெஞ்ச்:

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் இ.சி.இ. மூன்றாமாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டர் நான் கிளாஸ் ரெப். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹெச்.ஓ.டி. மேடம் சிஜிபிஏ பட்டியலை மேலிருந்து படித்து ஆறு பேரை எழுதிக்கொண்டார், அதில் நானும் ஒருத்தி.

போன வாரம் கிளாஸ் கமிட்டியின் முதல் கூட்டம். எங்கள் வகுப்பில் காது கேளாத மாணவர் ஒருவர் இருக்கிறார். உதட்டசைவைப் பார்த்துத்தான் பாடத்தைப் பிடிப்பார். ஒரு பாடத்துக்கு வரும் சார், புரொஜெக்டர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எல்லா லைட்டையும் அணைத்துவிடுகிறார். இருட்டில் உதடு எங்கே தெரியும்? போதாததற்கு, திரையைப் பார்த்தபடி நின்றுதான் ஸ்லைடை வாசிப்பார். மேடைக்கு மேலே இருக்கும் ஒரு டியூப்லைட் மட்டும் எரியட்டும், ஸ்லைடுகளை முதல் நாளே குரூப்பில் போடுங்கள், அறுபது ஸ்லைடை ஒரே மூச்சில் ஓட்டாமல் நடுவில் நிறுத்தி ஒரு கணக்காவது போர்டில் போடுங்கள் என்று கேட்டேன். கடைசி விஷயம் அவருக்காக மட்டுமில்லை, வகுப்பு மொத்தத்துக்கும்.

சேர்மன் சொன்ன பதில்: "எப்படிப் பாடம் நடத்தணும்னு ஸ்டூடன்ட்ஸ் சொல்லக் கூடாதும்மா. ஃபேன் ஓடலையா, தண்ணி வரலையா, பஸ் லேட்டா, அதைச் சொல்லுங்க." அப்புறம் டீ வந்தது. மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், 'குறை எதுவும் இல்லை' என்று எழுதி ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை எடுத்துப் படித்தேன். வகுப்புக்கு வரும் ஆசிரியர்கள், மாணவர் பிரதிநிதிகள், அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர் தலைவராக, இதுதான் கமிட்டி. மாணவர் பிரதிநிதிகளில் ஆணும் பெண்ணும் இருப்பார்கள். செமஸ்டர் தொடங்கி ஒரு வாரத்துக்குள் முதல் கூட்டம், பிறகு இடைவெளி விட்டு இன்னும் இரண்டு மூன்று. மினிட்ஸ் 2 நாளுக்குள் முதல்வருக்குப் போக வேண்டும், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சுற்றுக்கு வர வேண்டும். கற்றல் கற்பித்தலை மேம்படுத்த, வகுப்பின் கருத்தைப் பிரதிநிதிகள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே அதில் இருக்கிறது. மின்விசிறி பற்றி ஒரு வரிகூட இல்லை!

அப்படியானால் சேர்மன் சொன்னது சரியா? உங்கள் கல்லூரிகளில் என்ன நடக்கிறது?


கரும்பலகை:

இருபது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுக்கிறேன், இந்தக் கமிட்டிகளில் தலைவராகவும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் விதி உண்மைதான் அம்மா. டியூப்லைட்டை எரியவிடச் சொன்னதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அதை மறுத்தவர் செய்தது தவறு.

ஆனால் மூன்றாவது கோரிக்கை வேறு ரகம். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்டிப்பாக இருந்து, வகுப்பில் கேள்வி கேட்டு, அசைன்மென்டைத் திருப்பி எழுத வைக்கும் ஆசிரியர்மீது கமிட்டியில் புகார் வரும். பார்ட் பி கேள்விக்கு ஐந்து பக்க நோட்ஸ் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு 'சார் சூப்பர்' என்று பாராட்டு வரும்.

ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரே பாடம். ஒரு குழுவுக்கு நல்ல பேச்சாளர் அழகாக விரிவுரை செய்தார், இன்னொரு குழு தானே கணக்குப் போட்டுத் திணறிப் படித்தது. திணறியவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் 'எவ்வளவு கற்றுக்கொண்டதாக உணர்கிறீர்கள்' என்று கேட்டபோது அவர்கள்தான் குறைவாகச் சொன்னார்கள். பாடம் உள்ளே இறங்கியதா என்பது அந்த நேரத்தில் மாணவருக்கே தெரிவதில்லை. அப்புறம் பிரதிநிதி எதைக் கொண்டுவந்து கமிட்டியில் சொல்வார்? தனக்கு எது சுகமாக இருந்ததோ அதைத்தான்.


கட்ஆஃப்198:

சார் சொல்வதற்கு ஒரு லைக். எங்கள் வகுப்பிலும் ரெப் ஒவ்வொரு கூட்டத்திலும் 'மெதுவாக நடத்துங்கள்' என்று கேட்டுக் கேட்டு மூன்றாவது யூனிட்டே அக்டோபரில்தான் முடிந்தது. மீதி இரண்டு யூனிட்டை யூடியூபில் பார்த்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குச் சிரமம் என்றால் மாலையில் தனி வகுப்பு வையுங்கள். கஷ்டப்பட்டு மார்க் வாங்கி வந்தவர்களின் நேரத்தை ஏன் எடுக்கிறீர்கள்?


அரியர்ஏழு:

அந்த 7.5இல் ஒருவன் இங்கேதான் இருக்கிறேன் நண்பா. 2021 சட்டம் வந்ததால் சீட் கிடைத்தது, டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டுகிறது. மாலைத் தனி வகுப்பு வைத்தார்கள், போனேன். யார் யார் அந்த ரூமுக்குள் போகிறார்கள் என்று காரிடாரில் நின்று பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் நான்கு பேர்தான் மிச்சம்.

மூன்றாம்பெஞ்ச் அக்கா, உங்களை எதிர்க்கத்தான் எழுதுகிறேன், கோபப்பட வேண்டாம். நீங்கள் படித்த அதே ரெகுலேஷனில் இன்னொரு வரி இருக்கிறது. படிப்பில் பின்தங்கிய மாணவர்களைக் கண்டறிந்து, அவர்களுக்குக் கூடுதல் உதவி செய்யும்படி ஆசிரியர்களைக் கமிட்டி கேட்க வேண்டும். நல்ல வரிதான். எங்கள் வகுப்பில் அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ரெப் ஒரு பேப்பரில் பதினோரு பெயர் எழுதிக் கூட்டத்தில் வாசித்தார். ஏழாவது பெயர் என்னுடையது. அந்தப் பேப்பரை யாரோ போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டார்கள்.

முதல் செமஸ்டர் மேத்ஸில் நான் ஃபெயில், அது உண்மை. ஆனால் கெய்லி ஹாமில்டன் கணக்கைக் கையில் கொடுத்தால் போட்டுவிடுவேன். அணி, அணிக்கோவை எல்லாம் பிளஸ் டூவில் தமிழில் போட்டுப் பழகியதுதான். ஆங்கிலக் கேள்வித்தாளில் என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடுவதற்குள் நேரம் போய்விடும். அந்த ரெப் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

சிஜிபிஏ ஒன்பதுக்கு மேல் வைத்திருப்பவர் எனக்காகப் பேசுவது இப்படித்தான் முடியும். பேசாமலே இருந்திருக்கலாம்.

ஆமாம், அந்தக் காது கேளாத பையனைக் கேட்டுவிட்டா நீங்கள் பேசினீர்கள்?


மூன்றாம்பெஞ்ச்:

கேட்டேன் தம்பி. டியூப்லைட் யோசனையே அவருடையதுதான். என் போனை வாங்கி, நோட்ஸில் அவரே டைப் செய்து கொடுத்தார். நான் வாசித்ததோடு சரி. 'முன் பெஞ்சில் உட்காருங்கள்' என்று முன்பு ஒரு சார் சொன்னாராம். முன் பெஞ்சில் உட்கார்ந்தால் ஆசிரியர் முகம் தெரியும், பின்னாலிருந்து யார் கேள்வி கேட்கிறார்கள் என்று தெரியாது. அதனால் மூன்றாவது வரிசை ஓரம்தான் அவருக்கு வசதி. இதெல்லாம் அவர் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கு நடந்தது அநியாயம். பெயர்ப் பட்டியல் எந்தக் காரணத்துக்காகவும் கூட்டத்துக்குள் வரக் கூடாது. பின்தங்கியவர் யார் என்பது இன்டர்னல் மார்க்கிலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்ல ரெப் எதற்கு? வகுப்பில் எந்த இடத்தில் பாடம் கைநழுவுகிறது என்பதுதான் ஆசிரியருக்குத் தெரியாது, அதைத்தான் ரெப் சொல்ல வேண்டும்.

கரும்பலகை சாருக்கு: அந்த ஹார்வர்டு ஆய்வை வைத்தே கேட்கிறேன். தானே கணக்குப் போட்டுத் திணறிய குழுதான் அதிகம் கற்றது என்கிறீர்கள். நானும் அதைத்தானே கேட்டேன், ஸ்லைடை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கணக்கு கொடுங்கள் என்று? இதில் சுகம் எங்கே வந்தது?


தற்காலிகம்:

நான் ஆசிரியர் பக்கம்தான், ஆனால் கரும்பலகை சாரின் பக்கம் இல்லை. பெயரிலேயே என் நிலைமை தெரியும். தொகுப்பூதியம், வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்ட், இந்த செமஸ்டர் மூன்று பேப்பர், இரண்டு லேப். அதோடு கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைலில் இரண்டு கிரைட்டீரியா என் தலையில். பாடத்தின் இலக்கையும் படிப்பின் இலக்கையும் பொருத்திக் காட்டும் சிஓ-பிஓ அட்டவணை போட்டுப் போட்டே சனிக்கிழமை போய்விடும்.

என்னைப் பற்றி மினிட்ஸில் ஒரு வரி வந்தால் போதும், மே மாதம் கூப்பிட்டு 'பசங்க கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்களே' என்பார்கள். அதே குறையை பர்மனென்ட் ஆசிரியர்மீது பத்து வருஷமாக எழுதினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே உங்கள் பிரதிநிதி முறை எங்கே கடிக்கும் என்றால், இருப்பவர்களில் பலவீனமானவர்களை, அதிலும் இளம் பெண்களைத்தான் கடிக்கும். வகுப்பில் எல்லாரையும் உள்ளே சேர்ப்பது பற்றிப் பேசுபவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு ரெப் பையன் மாடிப்படியில் என்னை நிறுத்தி, 'மேடம், டெரிவேஷன்ல நாலாவது ஸ்டெப்புக்கு அப்புறம் நீங்க மனசுலயே ரெண்டு ஸ்டெப் போட்டுடறீங்க, எங்களுக்கு வரல' என்றான். மறுநாள் திருத்திக்கொண்டேன். கமிட்டி, மினிட்ஸ், கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை. என் கட்சி இதுதான். முதலில் நேரில் சொல்லுங்கள், எழுத்தில் வேண்டாம்.


செவிவழி:

தற்காலிகம் மேடம், உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் 'நேரில் சொல்லுங்கள்' என்பது என்னைப் போன்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

எனக்குப் பார்வை இல்லை. அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறேன். வகுப்பில் தேவைக்கோடு வரைவார்கள். 'இது இப்படி இறங்குது பாருங்க, இதுவும் அதுவும் இங்க வெட்டுதா, இதுதான் சமநிலை.' எது, எப்படி, எங்கே? ஒன்றும் தெரியாது. அதையே 'செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு, விலை குறையக் குறைய வாங்கும் அளவு கூடுகிறது, அதனால் தேவைக்கோடு இடமிருந்து வலமாக இறங்குகிறது, ஏறிவரும் அளிப்புக்கோட்டை அது சந்திக்கும் இடம் சமநிலை' என்று சொன்னால் என் மண்டைக்குள் கோடு வந்துவிடும். கூடுதலாக அரை நிமிஷம் ஆகும். ஓர் ஆசிரியர் இப்படிச் சொல்ல ஆரம்பித்தார். கடைசி வரிசையில் இருப்பவர்கள்தான் முதலில் சந்தோஷப்பட்டார்கள், அவர்களுக்கும் போர்டு சரியாகத் தெரியாதாம்.

ஆனால் இதை ஒவ்வொரு செமஸ்டரும், ஒவ்வொரு புது ஆசிரியரிடமும், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று நான் கேட்க வேண்டும். கெஞ்சுகிற மாதிரிதான் இருக்கும். நோட்ஸ் என்று போட்டோ எடுத்த பக்கங்களை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவார்கள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளுக்கு அது வெறும் படம், ஒரு சொல்கூட வாசிக்காது. திரும்ப வாசலில் நிற்க வேண்டும். செமஸ்டர் தேர்வில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம், நான் சொல்லச் சொல்ல எழுத ஸ்க்ரைப் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கும். கல்லூரி உள்தேர்வில் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதற்கும் வாசல்தான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவீத இடம் தருகிறது. இடம் வாங்கி உள்ளே வந்துவிட்டோம். வகுப்புக்குள் என்ன செய்வது என்று 2022இல் யுஜிசி வழிகாட்டு நெறிகளும் வந்தன. என் ஆசிரியர்கள் யாரும் அதைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. எங்கள் கல்லூரியில் கிளாஸ் கமிட்டி கிடையாது. கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யில் ஒரு மாணவர் இருக்க வேண்டும் என்று நாக் சொல்கிறது. அவர் யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆகவே எனக்கு எழுத்து வேண்டும். எழுதி வைத்தால்தான் அடுத்த செமஸ்டர் புதிதாக வருகிறவர் படிப்பார். மற்றபடி அரியர்ஏழு சொன்னதில் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். எனக்காக வேறொருவர் பேச வேண்டாம், அந்த ஆறு நாற்காலியில் ஒன்றை எனக்குப் போடுங்கள்.


கட்ஆஃப்198:

இதையும் நான் சொன்னதையும் கலக்க வேண்டாம். பார்வையில்லாதவருக்கு வசதி செய்து தருவதை யார் மறுத்தார்கள்? தமிழ் மீடியத்தில் படித்தது ஊனம் இல்லையே. பழகிக்கொள்ள வேண்டியதுதான். சாதாரண தியரி பேப்பருக்கு 45 பீரியட், யூனிட்டுக்கு 9. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் சிலபஸ் யார் முடிப்பது?


அரியர்ஏழு:

பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு அரியர் கிளியர் ஆகிவிட்டது, பெயரை மாற்ற அட்மினைக் கேட்க வேண்டும்.


கரும்பலகை:

கட்ஆஃப் தம்பி, எனக்கு ஆதரவாகப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறீர்கள், ஆனால் அந்தக் கணக்கு தப்பு. முதல் செமஸ்டர் மேத்ஸுக்கு 45 இல்லை, 60 பீரியட். யூனிட்டுக்கு 9 வகுப்பு, அதற்கு மேல் 3 டுடோரியல். அந்த மூன்று மணி நேரம், புரியாததைக் கேட்பதற்கும் கணக்குப் போட்டுப் பழகுவதற்கும்தான். பெரும்பாலான இடங்களில் அதையும் 'போர்ஷன் முடிக்க' எடுத்துவிடுகிறோம். இது எங்கள் ஆசிரியர் வர்க்கத்தின் கோளாறு, மாணவர் தலையில் கட்டக் கூடாது.

வேகம் குறைந்தால் தரம் போய்விடும் என்பதும் சரியில்லை. 2014இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரி 33.8 சதவீதம், மாணவரை வேலை செய்யவைத்த வகுப்புகளில் 21.8. ஆகவே மூன்றாம்பெஞ்ச் அம்மா, நீங்கள் கேட்டது நல்ல கற்பித்தல்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது தற்செயலாக நல்லதாக அமைந்தது. அடுத்த ரெப் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கொடுங்கள்' என்று கேட்பார், அதற்கும் அதே அதிகாரம் உண்டா? நான் இப்படிப் பிரிக்கிறேன். வெளிச்சம், வாசிக்கக்கூடிய பிடிஎஃப், கூடுதல் நேரம், இவை வசதி. கமிட்டியில் பேசலாம், எழுத்தில் வைக்கலாம், செய்யாவிட்டால் முதல்வர் கேட்கலாம். எதை எப்படிக் கற்பிப்பது என்பது ஆசிரியரின் தொழில். அங்கே மாணவர் நேரில் சொல்லலாம், தீர்மானம் போட முடியாது.


மூன்றாம்பெஞ்ச்:

சார், அந்தக் கோட்டை எங்கே கிழிப்பீர்கள்? செவிவழி கேட்பது ஆசிரியர் எப்படி வாக்கியம் பேச வேண்டும் என்பதை. அது வசதியா, கற்பித்தலா? ஆசிரியர் திரையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது? மனதுக்குள் போட்ட இரண்டு ஸ்டெப்பை போர்டில் போடச் சொன்னது? அந்த நிமிஷம் கிடைக்கும் உதவி ஒருவருக்கு என்றாலும், பாடம் அறுபது பேருக்கும் போய்ச் சேர்கிறது. உங்கள் கோடு இதற்குள் எந்தப் பக்கமும் நிற்காது.

இம்பார்ட்டன்ட் கொஸ்டின் கேட்கும் ரெப்பைப் பற்றி நீங்கள் சொன்னது நிஜம். நீங்கள்தான் தலைவர், முடியாது என்று சொல்லி, அந்தக் காரணத்தையும் மினிட்ஸில் எழுதுங்கள். எங்களுக்கு வேண்டியது தீர்மானம் இல்லை, பதில்.


கிளைடு_கரை:

கிளாஸ்கோவில் ஒரு வருஷ எம்.எஸ்சி. படிக்கிறேன். இங்கேயும் கிளாஸ் ரெப் உண்டு, அதனால் எட்டிப் பார்த்தேன். ஸ்காட்லாந்தில் ஸ்பார்க்ஸ் என்று ஓர் அமைப்பு 2003இலிருந்து இருக்கிறது. கிளாஸ் ரெப்களுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. ஆசிரியரின் ஆளைப் பற்றிப் பேசாமல் வகுப்பில் நடந்ததைப் பற்றிப் பேசுவது எப்படி, மற்றவர் கருத்தைத் திரட்டுவது எப்படி என்று உட்கார்ந்து பழக வேண்டியிருக்கும். எங்கள் துறையில் கூட்டத்தில் கேட்டதையெல்லாம் 'கேட்டீர்கள், செய்தோம்' அல்லது 'கேட்டீர்கள், முடியாது, ஏனென்றால்' என்று ஒட்டிவிடுவார்கள்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைவு. நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பகுதிநேர வேலைக்குப் போய்விடுவோம், ரெப்பாக நிற்க யாருக்கும் நேரம் இல்லை. குரல் கேட்க வேண்டியவர்கள்தான் அறையில் இருப்பதில்லை. அது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.


அரியர்ஏழு:

அண்ணா, ஒரு சந்தேகம். அங்கே உங்கள் பேப்பரைத் திருத்துகிறவருக்கு அது உங்கள் பேப்பர் என்று தெரியுமா?


கிளைடு_கரை:

எங்கள் துறையில் பெரும்பாலும் தெரியாது. பெயர் எழுத மாட்டோம், எண்தான். ப்ராஜெக்ட்டில் தெரியும்.


அரியர்ஏழு:

அதைத்தான் கேட்டேன். செமஸ்டர் பேப்பர் இங்கேயும் டம்மி நம்பரில்தான் போகிறது. ஆனால் 2021 ரெகுலேஷனில் தியரிக்கு இன்டர்னல் 40. அந்த நாற்பதும், லேப் ரெக்கார்டில் போடும் கையெழுத்தும், கமிட்டி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கையில். ஒன்பது சிஜிபிஏ வைத்திருப்பவர் பேசினால் இரண்டு மார்க் குறையும். நான் பேசினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்.


பழைய_செனட்:

தேர்தல் வைத்தால் எல்லாம் சரியாகும் தம்பிகளா. எங்கள் காலத்தில் ரெப் என்றால் ஓட்டு வாங்கி வந்தவன், ஹெச்.ஓ.டி. நியமித்தவன் இல்லை. மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ கமிட்டி பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்று உத்தரவே போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரி அதை மதிக்கிறது? 1965இல் மொழிக்காகத் தெருவுக்கு வந்த மாணவர்கள் இருந்த மாநிலத்தில் இன்றைக்குப் பையன் ஒரு டியூப்லைட் கேட்கப் பயப்படுகிறான்.


கரும்பலகை:

சேர்ந்தாற்போல் பேனர், போஸ்டர், சாதிச் சங்கம், உள்ளூர் கட்சிக்காரர் கார், எல்லாம் வரும். அதையும் நாங்கள் பார்த்தவர்கள்தான் ஐயா.


அரியர்ஏழு:

லிங்டோவை நானும் தேடிப் படித்தேன். 75 சதவீத வருகை வேண்டும், செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சரி. போட்டியிடும் வருஷம் அரியர் இருக்கக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. அரியர் வைத்தவனுக்காகப் பேச அரியர் வைத்தவன் நிற்க முடியாது. நல்ல ஜனநாயகம்.


தற்காலிகம்:

இந்தத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுத்தான் திரும்ப எழுதுகிறேன். தேர்தலும் வேண்டாம், ரேங்க் பட்டியலும் வேண்டாம். ஆறு பேரில் மூன்று பேரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரோல் நம்பர் வரிசையில் மாற்றிக் கூப்பிடுங்கள். யார் முறை வந்தாலும் அவர் தன் கருத்தைச் சொல்லவில்லை, வகுப்பு எழுதிக் கொடுத்த சீட்டை வாசிக்கிறார். யார் எழுதிய சீட்டு என்று ஆசிரியருக்குத் தெரியாது. இதற்கு ரெகுலேஷனை மாற்றவே தேவையில்லை, யார் அந்த ஆறு பேர் என்பதை ஹெச்.ஓ.டி.தானே முடிவு செய்கிறார்.

மினிட்ஸில் ஆசிரியர் பெயர் வரக் கூடாது என்பதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். பாடக் குறியீடு எழுதினாலும் யார் என்று தெரிந்துவிடும், அதுவும் வேண்டாம். 'புரொஜெக்டர் போடும் வகுப்புகளில் முன்விளக்கு எரிய வேண்டும்' என்று எல்லாருக்குமாக எழுதுங்கள்.


கரும்பலகை:

சீட்டு முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயரில்லாத சீட்டில் என்ன எழுதுவார்கள் என்று ஒரு முறை படித்துப் பாருங்கள், குறிப்பாகப் பெண் ஆசிரியர்களைப் பற்றி. ரெப் வடிகட்டித்தான் வாசிக்க வேண்டும். அப்படியானால் வடிகட்டுபவர் யார் என்ற கேள்வி திரும்ப வரும்.

அடுத்த கூட்டத்தில் என்னால் முடிந்த ஒன்றைச் செய்கிறேன். போன முறை கேட்டது என்ன ஆயிற்று என்பதை முதல் பொருளாக வைத்துவிடுகிறேன். பாடம் நடத்தும் முறை பற்றிய கருத்துகளைக் கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் நானே தனியாகச் சொல்கிறேன். மினிட்ஸில் ஏற்ற மாட்டேன். இதற்கு மேல் என்னை இழுக்க வேண்டாம்.


செவிவழி:

நீங்கள் தனியாகச் சொன்னீர்களா என்று எங்களுக்கு எப்படித் தெரியும் சார்?


கரும்பலகை:

நியாயமான கேள்வி. வகுப்பில் மாற்றம் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.


மூன்றாம்பெஞ்ச்:

முதல் இன்டர்னல் முடிந்ததும் இரண்டாவது கூட்டம். நாங்கள் கொடுக்கப் போகும் பேப்பரை இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

'புரொஜெக்டர் பயன்படுத்தும் எல்லா வகுப்பிலும் மேடை விளக்கு எரியட்டும். ஸ்லைடும் நோட்ஸும் முதல் நாள் மாலைக்குள் குரூப்பில் வரட்டும். போர்டில் எழுதுவதையும் வரைவதையும் வாயாலும் சொல்லுங்கள். டுடோரியல் பீரியடில் புதுப் பாடம் வேண்டாம், கணக்கு மட்டும். உதவி தேவைப்படும் மாணவர் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். முதல் கூட்டத்தின் மினிட்ஸ் இன்னும் வகுப்புக்கு வரவில்லை, நகல் வேண்டும்.'


செவிவழி:

நோட்ஸ் என்ற இடத்தில் 'டைப் செய்த நோட்ஸ், போட்டோ அல்ல' என்று சேருங்கள். இல்லாவிட்டால் வாட்சப்பில் படமாகத்தான் வரும்.


தற்காலிகம்:

முதல் நாள் மாலை என்பது முடியாது. எனக்கே ஸ்லைடு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் முடியும். 'வகுப்புக்கு முன்' என்று மாற்றுங்கள்.


கட்ஆஃப்198:

டுடோரியல் பாயின்ட்டுக்கு மட்டும் என் ஆதரவு உண்டு. எங்கள் கல்லூரியிலும் கேட்கப் போகிறேன். மற்றதில் மாற்றமில்லை.


அரியர்ஏழு:

அக்கா, 'யூனிட் தொடங்கும்போது கேள்வித்தாளில் வரும் சொற்களுக்கு ஒரு பக்கம், ஆங்கிலமும் தமிழும்' என்று ஒரு வரி போடுவீர்களா? தயாரிக்கும் வேலையை நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம், மேத்ஸ் முதல் யூனிட்டுக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன். ஆசிரியர் ஒரு முறை சரிபார்த்தால் போதும். என் பெயர் மட்டும் எங்கேயும் வர வேண்டாம்.


மூன்றாம்பெஞ்ச்:

சேர்த்துவிட்டேன். மூன்று திருத்தமும் போட்டாயிற்று. மேடம் சொன்னபடி எந்த ஆசிரியர் பெயரும் பாடக் குறியீடும் இல்லை. இந்த முறை 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று ஆறு பேரில் நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேர் யோசிக்க வேண்டும் என்கிறார்கள், பிளேஸ்மென்ட் வருகிறதாம்.